மாதிரி சிறிதானால் சதவீதம் ஏன் இப்படி ஆடுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் பக்கம் புள்ளியியல் படிக்கும் பிள்ளைகளும், திட்ட அறிக்கைக்காகக் கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கணக்கு பிடிக்காதவர்களும் படிக்கலாம். கூட்டல், பெருக்கல், வர்க்கமூலம், இவ்வளவுதான் தேவை. எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் "மொத்தம் எத்தனை பேரில்?" என்று கேட்கும் பழக்கம் நம் ஊரில் பரவ வேண்டும் என்பது என் ஆசை.

மாதிரி விகிதம் என்றால் என்ன?

வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு வரும் ஒரு லோடு முள்ளு கத்தரிக்காயை எடுத்துக்கொள்வோம். இலவம்பாடிக் காய் என்று நாம் சொல்லுவோமே, புவிசார் குறியீடு வாங்கியது, அதேதான். லோடு முழுவதிலும் சொத்தை எத்தனை சதவீதம் என்பது ஒரு உண்மையான எண். அது யாருக்கும் தெரியாது. 100 காயை மாதிரியாக எடுத்து அறுத்துப் பார்த்து, 23 சொத்தை என்றால், அந்த 23 சதவீதம்தான் மாதிரி விகிதம். முழு லோடின் விகிதம் நிலையானது. மாதிரி விகிதம் கைக்குக் கை மாறும்.

ஒரே லோடில் எடுத்தாலும் ஏன் ஆளுக்கொரு விடை வருகிறது?

யாரும் தப்பு செய்யவில்லை. எந்தக் காய் கையில் சிக்கும் என்பது தற்செயல், அவ்வளவுதான்.

லோடில் உண்மையில் 20 சதவீதம் சொத்தை என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஐந்து காயாக எடுத்துப் பலர் சோதிக்கிறார்கள். ஒரு காய்கூடச் சொத்தையாகச் சிக்காமல் இருக்க வாய்ப்பு 0.8-ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது, அதாவது சுமார் 33 சதவீதம். ஆக, மூன்று பேரில் ஒருவர் "அருமையான சரக்கு, சொத்தையே இல்லை" என்பார். சரியாக ஒரு சொத்தை கிடைத்து "20 சதவீதம்" என்று சொல்ல வாய்ப்பு 41 சதவீதம். மீதி 26 சதவீதத்தினருக்கு இரண்டோ அதற்கு மேலோ கிடைக்கும். அவர்கள் "நாற்பது சதவீதம் போச்சு" என்று விலையைப் பாதியாகக் கேட்பார்கள். அதே லோடு, அதே நாள், மூன்று விதமான பேரம்.

இப்போது ஐந்துக்குப் பதில் 25 காய் எடுக்கச் சொல்லுங்கள். ஒன்றுகூடச் சொத்தையாக இல்லாமல் போக வாய்ப்பு 0.4 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. "சொத்தையே இல்லை" என்ற பேச்சு அநேகமாக எழவே எழாது. காய் மாறவில்லை, பார்க்கிறவர்களின் திறமையும் மாறவில்லை. எண்ணிக்கை மட்டும்தான் மாறியது.

மாதிரியைப் பெரிதாக்கினால் ஆட்டம் எவ்வளவு குறையும்?

இந்த ஆட்டத்தின் அளவுக்குத் திட்டப்பிழை என்று பெயர். விகிதத்தையும், ஒன்றிலிருந்து அதைக் கழித்த மீதியையும் பெருக்கி, மாதிரியின் எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். நம் கத்தரிக்காய்க்கு, 100 காய் எடுத்தால், √(0.2 × 0.8 ÷ 100) = 0.04. அதாவது 4 சதவீதப் புள்ளி. நூறு முறை இப்படி எடுத்தால் சுமார் 95 முறை விடை உண்மைக்கு இரண்டு பக்கமும் இரண்டு திட்டப்பிழைக்குள் விழும்.

25 காய் என்றால் திட்டப்பிழை 8 புள்ளி. விடை பெரும்பாலும் 4 முதல் 36 சதவீதத்துக்குள் எங்கும் வரலாம். 100 காய்க்கு 12 முதல் 28. 400 காய்க்கு 16 முதல் 24. 1,600 காய்க்கு 18 முதல் 22.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் மாதிரியை நான்கு மடங்கு ஆக்கினோம். ஆட்டம் பாதிதான் ஆனது. மாதிரியை இரண்டு மடங்காக்கினால் பிழை பாதியாகிவிடும் என்று நினைத்துச் செலவுத் திட்டம் போடுகிறவர்கள் நிறையப் பேர். இரண்டு மடங்குக்குப் பிழை 30 சதவீதம்கூடக் குறையாது.

ஏன் வர்க்கமூலம்? நேராகக் குறையக் கூடாதா?

ஒரு காய் சொத்தையாகச் சிக்கினால் விடை மேலே போகிறது. நல்லதாகச் சிக்கினால் கீழே வருகிறது. எண்ணிக்கை கூடக் கூட இந்த மேலும் கீழும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. ஆனால் முழுதாக அடித்துக்கொள்வதில்லை, கொஞ்சம் மிச்சம் நிற்கும். அந்த மிச்சம் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு வளரும். மொத்தமோ எண்ணிக்கை அளவுக்கே வளரும். வகுத்துப் பார்த்தால் சதவீதத்தின் பிழை வர்க்கமூலத்துக்குத் தலைகீழாகக் குறைகிறது.

இதில் பிள்ளைகள் அடிக்கடி தடுமாறும் ஒரு இடம் உண்டு. 100 காயில் 20 சொத்தை எதிர்பார்த்தால், ஆட்டம் 4 காய். 1,600 காயில் 320 எதிர்பார்த்தால், ஆட்டம் 16 காய். எண்ணிக்கையாகப் பார்த்தால் விலகல் கூடியிருக்கிறது! சதவீதமாகப் பார்த்தால் 4 புள்ளி 1 புள்ளியாகக் குறைந்திருக்கிறது. இரண்டும் உண்மை. தேர்வில் எதைக் கேட்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள்.

மாதிரி வளர வளர விகிதம் உண்மையை நெருங்கும் என்பதை நிறுவியவர் ஜேக்கப் பெர்னூலி. அவர் 1705-ல் இறந்து எட்டு ஆண்டு கழித்து, 1713-ல்தான் அது அச்சில் வந்தது. அந்த நெருக்கம் எந்த வேகத்தில் வரும், அதன் வடிவம் என்ன என்பதை 1733-ல் தெளிவாக்கியவர் டி மாய்வர். பிளஸ் டூ கணிதத்தில் கலப்பெண் பாடத்தில் "டி மாய்வரின் தேற்றம்" படித்தோமே, அவரேதான்.

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்கிறோம். அப்புறம் எதற்கு நூறும் ஆயிரமும்?

இதைக் கேட்காத வகுப்பே கிடையாது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான்.

பழமொழி சரியாகவே சொல்கிறது. பானையில் எல்லாச் சோறும் ஒரே தண்ணீரில், ஒரே நெருப்பில், ஒரே நேரம் வெந்தது. வெந்திருந்தால் எல்லாம் வெந்திருக்கும். வேகாத விகிதம் பூச்சியம் அல்லது முழுசு. சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். விகிதம் 1 என்றால் மீதி 0. பெருக்கினால் பூச்சியம். திட்டப்பிழை பூச்சியம். ஒரு பருக்கையே போதும்!

கத்தரிக்காய் அப்படி இல்லை. பக்கத்துப் பக்கத்துக் காயில் ஒன்று சொத்தை, ஒன்று நல்லது. வாக்காளர்களும் அப்படித்தான், ஒரே வீட்டில் அப்பா ஒரு கட்சி, மகன் ஒரு கட்சி. கலப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு பெரிய மாதிரி வேண்டும். பாதிக்குப் பாதி கலந்திருக்கும்போது ஆட்டம் உச்சத்தில் இருக்கும். அதனால்தான் விகிதம் எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாதபோது 50 சதவீதம் என்று வைத்துக் கணக்கிடச் சொல்கிறார்கள். அதைவிட மோசமாகப் போக வழியில்லை.

மாவட்டம் பெரியது என்றால் மாதிரியும் பெரிதாக வேண்டாமா?

பெரும்பாலும் வேண்டாம். இதை நம்ப வைப்பதுதான் இருப்பதிலேயே கடினம்.

2011 கணக்கெடுப்பின்படி அன்றைய வேலூர் மாவட்டத்தில் 39,36,331 பேர். தமிழ்நாட்டில் 7 கோடியே 21 லட்சத்துக்குச் சற்று மேல். இரண்டிலும் தலா 1,000 பேரைச் சரியான முறையில், குலுக்கல் போல எடுத்துக் கேட்டால், பிழை, அதாவது இரண்டு திட்டப்பிழை, இரண்டுக்கும் ஒன்றுதான், ஏறக்குறைய 3 புள்ளி. சூத்திரத்தைத் திரும்பிப் பாருங்கள். மாதிரியின் எண்ணிக்கை இருக்கிறது, மக்கள்தொகை இல்லவே இல்லை. பி.சி. மகலனோபிஸ் 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியதும், 1950-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு வந்ததும் இந்தத் துணிச்சலில்தான். இவ்வளவு பெரிய நாட்டை ஒரு சிறு பகுதியைக் கேட்டே அறிந்துகொள்ள முடியும்.

மக்கள்தொகை கணக்கில் வரும் இடம் ஒன்று உண்டு. மொத்தத்தில் கணிசமான பங்கை நாமே எடுத்துவிட்டால் பிழை இன்னும் குறையும். 400 பேர் உள்ள ஒரு குக்கிராமத்தில் 200 பேரைக் கேட்டுவிட்டால், சூத்திரம் தரும் பிழையை 0.71-ஆல் பெருக்கிக்கொள்ளலாம். 400 பேரையும் கேட்டுவிட்டால் பிழை பூச்சியம், இனிக் கேட்க ஆளே இல்லை.

2019-ல் மாவட்டம் மூன்றானது. மாதிரியை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் போதுமா?

போதாது. பழைய மாவட்டம் முழுவதுக்கும் 1,000 பேர் என்றால் பிழை 3 புள்ளி. அதையே வேலூருக்கு 333, ராணிப்பேட்டைக்கு 333, திருப்பத்தூருக்கு 333 என்று பிரித்து, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனி விடை சொல்ல முயன்றால் ஒவ்வொன்றிலும் பிழை ஐந்தரைப் புள்ளி. மூன்றுக்கும் பழைய துல்லியம் வேண்டுமானால் 3,000 பேர் வேண்டும்.

திட்ட அறிக்கைகளில் நான் பார்க்கும் மிகப் பெரிய குறை இதுதான். மொத்தம் 300 பேரைக் கேட்டிருப்பார்கள். அப்புறம் ஆண், பெண், நான்கு வயதுப் பிரிவு, மூன்று தாலுகா என்று உடைத்து, கடைசிக் கட்டத்தில் 12 பேர் இருக்கும் இடத்தில் "58.3 சதவீதம்" என்று தசமத்தோடு எழுதுவார்கள். 12-ல் 7 அது. ஒருவர் மனம் மாறினால் 50. தயவுசெய்து அந்தத் தசமத்தை எழுதாதீர்கள், "12 பேரில் 7 பேர்" என்று எழுதுங்கள்.

தேர்தல் கருத்துக்கணிப்பில் "3 சதவீதம் கூடலாம், குறையலாம்" என்கிறார்களே, அது என்ன?

1,000 பேரைக் கேட்டால் வரும் இரண்டு திட்டப்பிழைதான் அது. ஒருவருக்கு 48 சதவீதம் என்று வந்தால், உண்மை 45-க்கும் 51-க்கும் நடுவில் எங்கோ இருக்கலாம் என்று படிக்க வேண்டும். இருவர் மட்டும் மோதும் போட்டியில் முன்னிலையின் பிழை இதைப்போல இரண்டு மடங்கு, ஏனென்றால் ஒருவருக்குக் கூடுவது மற்றவருக்குக் குறைகிறது.

நம் தொகுதியே இதற்கு நல்ல பாடம். வேலூர் மக்களவைத் தேர்தல் 2019 ஏப்ரலில் ரத்தாகி, ஆகஸ்ட் 5-ல் தனியாக நடந்தது நினைவிருக்கும். கதிர் ஆனந்த் 4,85,340 வாக்கு, ஏ.சி. சண்முகம் 4,77,199 வாக்கு. வித்தியாசம் 8,141. இருவர் வாக்கை மட்டும் சேர்த்துப் பார்த்தால் வென்றவருக்கு 50.42 சதவீதம்.

அன்றைக்கு 1,000 பேரைக் கேட்டு யாராலும் இந்த முடிவைச் சொல்லியிருக்க முடியாது. 50.42-ஐ 50-லிருந்து பிரித்துக் காட்ட, பிழை 0.42 புள்ளிக்குள் இருக்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய 57,000 பேரைக் கேட்க வேண்டும். இப்படிப்பட்ட போட்டியில் யாராவது சரியாகச் சொல்லியிருந்தால் அது கணிப்பின் பெருமை இல்லை, சுண்டிய நாணயம் அவர் பக்கம் விழுந்தது. தவறாகச் சொல்லியிருந்தாலும் அவரைத் திட்ட வேண்டியதில்லை. "சொல்ல முடியாத அளவு நெருக்கம்" என்பதுதான் நேர்மையான விடை. டிவியில் அதைச் சொல்ல ஏனோ தயங்குகிறார்கள்.

நூறு சதவீதத் தேர்ச்சிப் பட்டியலில் சின்னப் பள்ளிகளே அதிகம் வருவது ஏன்?

சின்னப் பள்ளியில் நல்ல கவனிப்பு இருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் கவனிப்பே இல்லாமல் வெறும் தற்செயலே இந்தப் பட்டியலை உருவாக்கிவிடும்.

எல்லாப் பள்ளியிலும் ஒவ்வொரு பிள்ளையும் தேர்ச்சி பெற வாய்ப்பு 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பள்ளியும் உசத்தி இல்லை, எதுவும் தாழ்வில்லை. 20 பேர் தேர்வெழுதும் பள்ளியில் அத்தனை பேரும் தேறிவிட வாய்ப்பு 12 சதவீதம். எட்டுப் பள்ளிக்கு ஒன்று "நூற்றுக்கு நூறு" என்று பேனர் வைக்கும். 200 பேர் எழுதும் பள்ளியில் அது நடக்க வாய்ப்பு கோடியில் ஒன்றைவிடக் குறைவு.

பட்டியலின் அடியையும் பாருங்கள். அதே 20 பேர் பள்ளியில் தேர்ச்சி 80 சதவீதத்துக்குக் கீழே விழ வாய்ப்பு சுமார் 4 சதவீதம். 200 பேர் பள்ளியில் அநேகமாக நடக்கவே நடக்காது. ஆக, உச்சியிலும் சின்னப் பள்ளி, அடியிலும் சின்னப் பள்ளி. நடுவில் பெரிய பள்ளி. ஜவ்வாது மலைப் பக்கம் பத்திருபது பிள்ளைகளோடு நடக்கும் ஒரு பள்ளி ஒரு ஆண்டு 100, அடுத்த ஆண்டு 75 என்று வந்தால், ஆசிரியரை மேடையேற்றி மறு ஆண்டே விளக்கம் கேட்பது அநியாயம். ஐந்தாறு ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். அப்போது எண்ணிக்கை நூறை நெருங்கும், பேச முடியும். இதை மட்டுமாவது கல்வி அதிகாரிகள் கேட்க வேண்டும் என்று உளமார விரும்புகிறேன்.

மாதிரி மிகப் பெரிதாக இருந்தால் தவறே வராதுதானே?

தற்செயலால் வரும் ஆட்டம் போகும். ஆளைத் தேர்ந்தெடுத்த விதத்தில் கோணல் இருந்தால் அது போகவே போகாது.

சிஎம்சி மருத்துவமனை வாசலில் ஆற்காடு சாலையில் நின்று, போகிற வருகிறவரிடம் தாய்மொழியைக் கேளுங்கள். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று எங்கெங்கிருந்தோ சிகிச்சைக்கு வந்தவர்கள், அவர்களுக்காகவே வங்காளத்திலும் இந்தியிலும் பலகை வைத்த லாட்ஜுகள் நிறைந்த தெருக்கள் அவை. 100 பேரைக் கேட்டாலும், 10,000 பேரைக் கேட்டாலும் வேலூரின் விடை கிடைக்காது. 10,000 கேட்டால் தவறான விடை ஆடாமல் அசையாமல் நிற்கும், அது இன்னும் ஆபத்து.

1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை அஞ்சலில் சுமார் 24 லட்சம் பதில்களைத் திரட்டி, அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐப் பிடித்து வென்றார். பத்திரிகையின் முகவரிகள் தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து வந்தவை. பதில் அனுப்பியவர்களும் ஒரு தினுசானவர்கள். அதைவிட மிகச் சிறிய மாதிரியோடு, கருத்துக்கணிப்பு நடத்திய ஜார்ஜ் கேலப் சரியாகச் சொன்னார்.

மண்டியிலும் இதே கதைதான். மேல் அடுக்கில் நல்ல காயாகப் பார்த்து அடுக்கியிருந்தால், மேலிருந்து 400 காய் எடுத்து என்ன பயன்? அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் எடுக்க வேண்டும்.

ஒரே தெருவில் 50 வீடு கேட்டால் 50 என்று கணக்கு வைக்கலாமா?

கேள்வியைப் பொறுத்தது. "இன்றைக்குக் குழாயில் தண்ணீர் வந்ததா?" என்று கேட்டால், அந்தத் தெருவுக்கு வால்வு திறந்திருந்தால் 50 வீட்டுக்கும் வந்திருக்கும், திறக்கவில்லை என்றால் ஒரு வீட்டுக்கும் வந்திருக்காது. 50 பதில் கிடைத்தாலும் அது ஒரு தகவல்தான். ஐம்பது தெருவில் தெருவுக்கொரு வீடாகக் கேளுங்கள், அதே உழைப்பில் உண்மையிலேயே 50 கிடைக்கும். பேர்ணாம்பட்டிலோ வாணியம்பாடியிலோ தோல் தொழில் பற்றி, குடியாத்தத்தில் பீடி சுற்றுவது பற்றிக் கேட்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். ஒரே தொழில் செய்கிறவர்கள் சேர்ந்தே குடியிருப்பார்கள்.

அரிதான விஷயத்துக்கும் இதே சூத்திரமா?

கவனம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நூறு ஜோடிக்கு ஒன்றில் தையல் குறை என்று வைப்போம். 50 ஜோடி பார்த்தால் குறையே தென்படாமல் போக வாய்ப்பு 60 சதவீதம். மாதிரி விகிதம் 0, சூத்திரப்படி பிழையும் 0! அபத்தமான விடை. மாதிரியில் "ஆம்" குறைந்தது பத்தும் "இல்லை" குறைந்தது பத்தும் வந்தால்தான் மேலே சொன்ன இரண்டு திட்டப்பிழைக் கணக்கை நம்பலாம்.

ஒன்றுமே தென்படாதபோது ஒரு எளிய வழி இருக்கிறது. 3-ஐ மாதிரி எண்ணிக்கையால் வகுங்கள். 300 ஜோடியில் குறையே இல்லை என்றால், உண்மையான குறை விகிதம் 1 சதவீதத்தைத் தாண்டாது என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். "குறையே கிடையாது" என்று சொல்ல முடியாது.

சரி, எத்தனை பேரைக் கேட்க வேண்டும்? ஒரே எண் சொல்லுங்கள்.

ஒரே எண் கிடையாது, ஆனால் சுலபமான கணக்கு உண்டு. எவ்வளவு பிழை பொறுப்பீர்கள் என்று முடிவு செய்து, அதைத் தசமமாக எழுதி, வர்க்கப்படுத்தி, 1-ஐ அதனால் வகுங்கள். 5 புள்ளிக்கு 400 பேர். 3 புள்ளிக்கு சுமார் 1,100. 2 புள்ளிக்கு 2,500. 1 புள்ளிக்கு 10,000. கல்லூரித் திட்டத்துக்கு 400 தாராளம். அதற்கு மேல் கிடைக்கும் நேரத்தை ஆளைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதிலும், கதவு பூட்டியிருந்த வீட்டுக்கு மாலையில் திரும்பப் போவதிலும் செலவிடுங்கள்.

வகுப்பில் நேரில் செய்து காட்ட வழி உண்டா?

ஒரு பக்கெட்டில் 800 புளியங்கொட்டை, 200 வெள்ளை மணி போட்டு நன்றாகக் கலக்குங்கள். அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் மணியாகப் பாருங்கள், இல்லையென்றால் கை பெரிதைத் தேடும். ஒவ்வொரு பிள்ளையும் கண்ணை மூடி 5 எடுத்து, வெள்ளையின் சதவீதத்தைக் கரும்பலகையில் புள்ளியாக வைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக் கலக்க வேண்டும். அப்புறம் 25 எடுத்து, அதன் கீழே இன்னொரு வரிசை. முதல் வரிசை 0, 20, 40, சில சமயம் 60 என்று சிதறும். இரண்டாவது வரிசை 20-ஐச் சுற்றி நெருங்கி நிற்கும். 100 எடுப்பதற்குப் பொறுமை வேண்டும், இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து எண்ணச் சொல்லுங்கள். மூன்று வரிசையும் வந்த பிறகு சூத்திரத்தை எழுதுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.